செவிலித் தாயின் அன்பு



ஒரு பழைய குற்றத்தை ஒப்புக்கொண்டு இம்மாதக் கடிதத்தைத் தொடங்க விழைகிறேன்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நான் உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றிய ஊரில், திருவிழாக் கொடியேற்றத்திற்கு மூன்று நாள்கள் இருந்த வேளையில், மாதா கெபியின் பின்புறத்தில் ஒரு தெருநாய் ஐந்து குட்டிகளை ஈன்றிருந்தது. வெள்ளையடிப்பும் தோரணமும் பந்தலுமாகக் கோவில் வளாகம் பரபரப்பாயிருந்தது. சப்பரம் வரும் வழி அசுத்தமாகுமே என்ற ஒரே கவலை எனக்கு. தாய் இரை தேடிப் போன நேரம் பார்த்துக் குட்டிகளைச் சாக்கில் இட்டு, ஊருக்கு வெளியே சந்தை மேட்டில் விட்டு வரும்படி வேலையாள் ஒருவரை ஏவினேன். அவர் தயங்கினார். "சாமி, இன்னும் கண்ணுகூடத் திறக்கலையே" என்றார். நான் செவிசாய்க்கவில்லை.

அத்தாய் நாய் நான்கு நாள்கள் கெபியைச் சுற்றிச் சுற்றி வந்தது. பால் கட்டி மடி வீங்கியிருந்தது. முதல் இரவு ஊளையிட்டது. பிறகு ஓசையே இல்லாமல் மண்ணை முகர்ந்துகொண்டிருந்தது. நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நவநாள் மறையுரைக்குக் குறிப்பு எழுதினேன். அன்றைய மறையுரையின் பொருள், தாயன்பு.

இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத இதை இப்போது சொல்லத் தூண்டியவர், என் இப்போதைய பங்கைச் சேர்ந்த ஓர் அம்மையார். அரசு மருத்துவமனையில் செவிலியராயிருந்து ஓய்வுபெற்றவர், கைம்பெண், பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். தெருவில் அடிபட்ட நாய்களையும், தாயை இழந்த குட்டிகளையும் வீட்டில் வைத்துப் பேணி, நல்ல குடும்பங்களைத் தேடிக் கொடுத்துவிடுவது அவருடைய தொண்டு. இதற்காக அவர் யாரிடமும் ஊதியம் பெறுவதில்லை.

சென்ற ஆண்டு மறைக்கல்வி வகுப்புக்கு வந்துகொண்டிருந்த சிறுவன் ஒருவனை நாய் கடித்துவிட்டது. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் பேச்செல்லாம் அதுவாகவே இருந்தது. "அந்த அம்மா நாய்களைச் சேர்த்து வைத்திருப்பதால்தான் தெருவெல்லாம் நாய், சாமிதான் கண்டித்துச் சொல்ல வேண்டும்" என்றார்கள். கண்டிக்கும் எண்ணத்துடனேயே மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன்.

நான் எதிர்பார்த்தது நாற்றமும் குரைப்பும். கண்டதோ பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவிய தரையும், தனித்தனியாகத் தடுத்த மூன்று இடங்களும், ஓர் ஆணியில் தொங்கிய நோட்டுப் புத்தகமும்தான். மருத்துவமனையில் நோயாளிக்கு எழுதும் குறிப்பைப் போல ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பக்கம். வந்த நாள், எடை, பூச்சி மருந்து, தடுப்பூசி, கருத்தடை. கடைசி வரியில், கொடுத்த நாள். அந்தக் கடைசி வரியைச் சுட்டிக்காட்டி, "சாமி, இவற்றில் ஒன்றுகூட என்னுடையதன்று, எல்லாம் போகவேண்டியவை. போகும்வரைதான் நான்" என்றார்.

"அம்மா, அந்தச் சிறுவனைக் கடித்தது உங்கள் நாயா?" என்று கேட்டேன்.

"இல்லை, சாமி. சாக்கடை ஓரம் குட்டி போட்டிருந்த நாய். பையன் குட்டியைத் தூக்கினான். எந்தத் தாயும் அதைத்தான் செய்யும்" என்றார். பிறரிடம் விசாரித்தபோதும் அதுவே உண்மையென்று தெரிந்தது. வேறொன்றும் தெரிந்தது. அன்று பையன் அழுதுகொண்டு ஓடி வந்தபோது, காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்ப முனைந்தவர்களைத் தடுத்து, குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் இதே அம்மையார்.

குடும்பத்தாரே, இதை நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை; ஆனால் உடனே காயத்தைக் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி தொடங்கி, மருத்துவர் குறிக்கும் நாள்களில் ஒன்றையும் விடாமல் போட்டுக்கொண்டால் அந்நோயைத் தடுத்துவிடலாம். காயம் ஆழமானால் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவார்கள். வளர்ப்பு நாயாயினும், சிறு குட்டியாயினும், நகக் கீறலாயினும் அலட்சியம் கூடாது. லூயி பாஸ்டர் 1885-ஆம் ஆண்டில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இத்தடுப்பூசியைச் செலுத்திக் காத்தார். நம் நாட்டில் குன்னூரிலேயே 1907 முதல் அவர் பெயரால் நிறுவனம் இயங்கிவருகிறது. எனினும் இன்றும் நம்மில் சிலர் கடிவாயில் மிளகாய்த்தூள் வைக்கிறோம்.

நான் கண்டிக்கச் சென்றவன், கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று அவர் மடியில் பத்து நாள் குட்டிகள் இரண்டு இருந்தன. தாய் வண்டியில் அடிபட்டு இறந்ததாம். அவற்றைப் பேணுவது எத்துணை நுட்பமான பணி என்பதை அன்றுதான் அறிந்தேன். பிறந்து சில வாரம்வரை குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் போதாது; ஆகவே முதலில் சூடு, பிறகே பால். உடல் குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் பால் புகட்டினால் அது செரிக்காமல் உயிருக்கே ஆபத்தாகும். குழந்தையைப்போல் மல்லாத்திப் புகட்டக் கூடாது. வயிறு கீழே இருக்கும்படி வைத்தே புகட்டவேண்டும், இல்லையேல் பால் நுரையீரலுக்குள் போய்விடும். பசும்பாலில் நாய்ப்பாலைவிடக் கொழுப்பும் புரதமும் குறைவு, பால் சர்க்கரை மிகுதி. அதனால் வயிற்றுப்போக்கு உண்டாகும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவு தேவை. முதல் இரண்டு வாரம் இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை ஊட்டவேண்டும். ஊட்டிய பின் ஈரப் பஞ்சால் அடிவயிற்றை வருடினால்தான் சிறுநீரும் மலமும் கழியும். தாய் தன் நாவால் நக்கிச் செய்வது அதுவே.

இதைக் கேட்டதும் எனக்குச் சந்தை மேடு நினைவுக்கு வந்தது. கண் திறவாத அந்த ஐந்து குட்டிகளும் அன்றிரவே இறந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. "எங்காவது பிழைத்துக்கொள்ளும்" என்று என்னை நானே ஏமாற்றிவந்த சொல் அந்தத் திண்ணையில் உடைந்தது. பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் பின்னர்ப் படித்தறிந்தேன். அச்சட்டத்திற்கு வித்திட்டவர் நம் சென்னையில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் என்பதும் நான் அதுவரை அறியாதது.

இனி, உங்களில் பலர் மனத்தில் எழும் கேள்விக்கு வருவோம். "மனிதருக்கே சோறில்லாத நாட்டில் நாய்க்குப் பால்மாவா, சாமி?"

இக்கேள்வி நேர்மையானது. திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதனைத் தட்டிக்கழிக்கவில்லை. விலங்குகள் இறைவனின் படைப்புகள். அவற்றிடம் நாம் பரிவுடன் நடக்கக் கடமைப்பட்டுள்ளோம். காரணமின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானது என்று கற்பிக்கும் அந்நூல், மனிதரின் துயர் தீர்க்க முதலில் செலவிடவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது, மனிதருக்கு மட்டுமே உரிய பாசத்தை அவற்றின்மேல் திருப்புவதும் தகாது என்றும் சேர்த்தே கற்பிக்கிறது. இரண்டையும் ஒருங்கே ஏற்பதுதான் நம் கடமை.

அம்மையாரிடமும் இதைக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. அடுப்படியிலிருந்த ஒரு பானையைக் காட்டினார். ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது எடுத்துவைக்கும் பிடியரிசி. மாதம்தோறும் வின்சென்ட் தே பவுல் சபையார் வந்து பெற்றுச் செல்கிறார்கள். "நாய்கள் வந்தபின் இந்தப் பானை ஒரு மாதம்கூடக் குறைந்ததில்லை, சாமி. குறைந்தால் நாய்களை விட்டுவிடுவேன்" என்றார். கூட்டத்தில் அவரைக் குறைகூறியவர்களின் வீடுகளில் எத்தனை பானைகள் நிரம்புகின்றன என்பதை நான் அறிவேன், ஆனால் சொல்லமாட்டேன். நாயை வெறுப்பதால் மட்டும் ஏழைக்கு ஒரு பிடி கூடுதலாகக் கிடைத்துவிடுவதில்லை.

தெருநாய்களை என்ன செய்வது என்பது இன்று நாடெங்கும் எழும் வழக்கு. கொன்று குறைக்கலாம் என்று நெடுங்காலம் எண்ணினார்கள், குறையவில்லை. கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் 1959-ஆம் ஆண்டில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையையும் தடுப்பூசியையும் முன்வைத்தது. 1996-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி அம்முறையை ஏற்றது. 2001-ஆம் ஆண்டின் நடுவண் அரசு விதிகளும், அவற்றுக்குப் பின் வந்த 2023-ஆம் ஆண்டு விதிகளும் அதையே வகுத்தன: பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும்.

2025 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லிப் பகுதித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. ஆகஸ்டு 22 அன்று அதைத் திருத்தி, வெறிநோயுற்றவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பின் பழைய இடத்தில் விடலாம் என்றது. நவம்பர் 7 அன்று பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து அகற்றும்படியும், அங்கேயே மீண்டும் விடக் கூடாதென்றும் ஆணையிட்டது. பிள்ளைகளின் பாதுகாப்பு முதன்மையானது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை.

ஆனால் தெருவா, காப்பகமா என்று நாம் வாதிடும்போது மூன்றாவதாக ஒன்றை மறந்துவிடுகிறோம். அது வீடு. ஆகஸ்டு 22 ஆணையிலேயே, விரும்புவோர் தெருநாயைத் தத்தெடுக்கலாம், எடுத்தவர் அதை மீண்டும் தெருவுக்கு வராமல் காக்கவேண்டும் என்று கூறப்பட்டிருந்தது. ஆனால் தெருவில் நோயுற்றுக் கிடக்கும் குட்டியை நேரே வீட்டுக்குள் ஏற்பவர் சிலரே. சொறியும் பூச்சியும் நீங்கி, மனிதர்மேல் அச்சம் தெளிந்து, தடுப்பூசி பெறும்வரை இடையில் ஒருவர் ஏந்திக்கொள்ளவேண்டும். தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் அந்தத் திண்ணைதான் இத்தகைய தொண்டர்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் அம்மையார் பங்கு இல்லத்திற்கு வந்தார். கல்வெட்டுக் குழாய்க்குள் ஐந்து வாரப் பெண் குட்டி ஒன்று கிடந்ததாம். "என்னால் மூன்றுக்கு மேல் முடியாது, சாமி. மூன்றைக் காப்பாற்றுவேன், நான்காவதைச் சேர்த்தால் நான்கையும் கெடுப்பேன். உங்களிடம் பழைய விறகறை சும்மாதானே கிடக்கிறது?" என்றார். மறுக்க எனக்கு வாய் இல்லை. பழைய கடன் ஒன்று இருந்ததே!

குட்டிக்கு வயிறு பூச்சியால் உப்பியிருந்தது, முதுகெல்லாம் சொறி. வண்டியின் கழிவு எண்ணெயைத் தடவினால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். அது தோல் வழியாகவும், நக்கும்போது வாய் வழியாகவும் உடலுக்குள் சென்று நஞ்சாகும் என்று அம்மையார் தடுத்துவிட்டார். கால்நடை மருத்துவர் மருந்து தந்தார். முதல் இரண்டு வாரம் வேறு நாய்களோடு சேர்க்காமல் தனியே வைத்தோம். பார்வோ போன்ற குடல்நோய் மறைந்திருந்தால் வெளிப்பட நாள் பிடிக்கும், அதன் கிருமி தரையில் பல மாதம் உயிரோடிருக்கும். ஆறாம் வாரத்தில் முதல் தடுப்பூசி. மூன்று, நான்கு வார இடைவெளியில் மறுபடியும். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. சமையல்கார அம்மா முதலில் முணுமுணுத்தார். பிறகு அவரே "கருப்பி" என்று பெயரிட்டு, உப்பும் காரமும் வெங்காயமும் இல்லாமல் சோறு பிசைந்தார். வெங்காயம் நாய்க்கு ஆகாது என்பதையும் அப்போதுதான் அறிந்தோம்.

முதல் மூன்று நாள் அது மூலையை விட்டு அசையவில்லை. நான் கையை நீட்டினால் நடுங்கியபடியே சிறுநீர் கழித்தது. "தூக்காதீர்கள், சாமி. அருகில் உட்கார்ந்து உங்கள் செபத்தைச் சொல்லுங்கள், அது போதும்" என்றார் அம்மையார். அவ்வாறே மாலைதோறும் விறகறை வாயிலில் நாற்காலி போட்டுக் கட்டளைச் செபம் சொன்னேன். ஆறாம் நாள் மாலை கருப்பி வந்து என் செருப்பின்மேல் தலை வைத்துப் படுத்தது. தோபித்து நூலில் இளைஞனுடன் பயணம் செல்லும் நாயையும், ஆரோக்கியநாதராகிய புனித ரோக்கின் திருவுருவத்தில் வாயில் அப்பத்துடன் நிற்கும் நாயையும் எத்தனையோ முறை பார்த்துவிட்டு வந்தவன் நான். அன்றுதான் அவற்றை நன்றாகப் பார்த்ததுபோல் இருந்தது.

மூன்று மாதம் நிறைந்தபின், நம் கோவிலுக்குத் தாராளமாக நன்கொடை தரும் அன்பர் ஒருவர் கருப்பியைக் கேட்டார். தோட்டக் காவலுக்காம். நான் சரியென்று சொல்லிவிட்டேன். அம்மையாரோ தோட்டத்தைப் போய்ப் பார்த்து, "பகலிரவாகச் சங்கிலியில் கிடக்கும், தரமாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்பர் என்மேல் வருத்தம் கொண்டார், இன்னும் தீரவில்லை. ஆயினும் வாக்குக் கொடுக்குமுன் தோட்டத்தைப் பார்க்காதது என் தவறு.

பின்னர் பக்கத்து ஊரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி வந்தனர். அம்மையார் அவர்கள் வீட்டுச் சுற்றுச்சுவரைப் பார்த்தார். ஊருக்குப் போனால் யார் பார்ப்பார் என்று கேட்டார். உரிய வயதில் கருத்தடை செய்வதாகவும், வளர்க்க இயலாமற்போனால் தெருவில் விடாமல் தம்மிடமே திருப்பித் தருவதாகவும் எழுதி வாங்கினார். கருப்பியை நானே கொண்டுபோய் விட்டேன். அந்த வீட்டு அடுப்படியில் மீன் வேகும் மணம். அது உள்ளே ஓடியதுதான். ஒருமுறைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மையார் முகத்தில் மட்டும் மகிழ்ச்சி. "திரும்பிப் பார்க்காமல் போகிறதே, அப்படியானால் நாம் சரியாக வளர்த்திருக்கிறோம், சாமி" என்றார்.

நம் பழந்தமிழ் அகப்பாடல்களில் தலைவியை வளர்ப்பவள் செவிலித்தாய். பெற்றவள் நற்றாய், கையில் வைத்து வளர்த்தவள் செவிலி. தலைவி தலைவனோடு போய்விட்டபோது அவளைத் தேடிக் காட்டுவழியில் நடப்பவளும் செவிலியே. ஆனால் மகள் தன் இல்லறத்தில் நலமாயிருப்பதைக் கண்டு வந்து நற்றாய்க்குச் சொல்லி மகிழ்பவளும் அவளே. கொடுப்பதற்காகவே வளர்ப்பது, கொடுத்தபின் நலம் கேட்டு மகிழ்வது: இவ்வன்பு பெற்ற அன்பினும் குறைந்ததன்று. சிந்தித்தால், தந்தையரும் தாயரும் செய்வதும் இதுவே. பிள்ளையைத் தம் மூப்புக்கு ஊன்றுகோலாக மட்டும் வளர்ப்பவர் அவன் புறப்படும் நாளில் கசந்துபோகிறார். ஐந்தாறு ஆண்டில் மாற்றல் கடிதம் பெறும் என்போன்ற குருக்களுக்கும் இப்பாடம் புதிதன்று. எனினும் ஒரு குட்டிநாயிடம் மறுபடியும் படிக்கவேண்டியிருந்தது.

எல்லாரும் நாய்களைக் கொண்டுவந்து வளர்க்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டிலும், பகலெல்லாம் பூட்டிய வீட்டிலும் அது ஆகாது. பரிதாபம் மட்டுமே உள்ளவர் தொடங்க வேண்டா. பரிதாபத்தோடு ஒழுங்கும் வேண்டும். ஆனால் யாவரும் செய்யக்கூடியன சில உண்டு. வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். ஏறத்தாழ 63 நாள் சினையில் ஐந்தாறு குட்டி ஈனும் நாயைக் கருத்தடையின்றி அவிழ்த்துவிட்டுப் பின் குட்டிகளைச் சாக்கில் கட்டாதீர்கள். குட்டியுள்ள நாயிடம் போகவும், உண்ணும் நாயைத் தொடவும் கூடாதென்று பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். இத்தொண்டு செய்பவரை ஏசுவதற்குப் பதிலாக ஒரு பழைய போர்வையோ ஒரு புட்டி மருந்தோ கொடுங்கள்.

எங்கள் தெருவில் சாக்கடையோரத்து நாய் உள்ளிட்ட சிலவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஆயிற்று. கடிபட்ட சிறுவன் நலமாயிருக்கிறான். அவன் தாய் இன்றும் நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கியே நடக்கிறார். அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவ்வச்சத்தையும் மதித்துத்தான் இத்தொண்டு நடக்கவேண்டும்.

சந்தை மேட்டில் விடப்பட்ட அந்த ஐந்துக்கு நான் இனி ஒன்றும் செய்ய இயலாது. பங்கு இல்லத்து விறகறை மட்டும் இப்போது கழுவிக் காய்ந்து கிடக்கிறது. மூலையில் ஒரு சாக்கு மடித்து வைத்திருக்கிறேன்; இம்முறை விரிப்பதற்காக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை